கரியமில வாயுவை வெளியேற்ற ஏர் ஸ்டோனா, கிரேட் கோபுரமா, ஆப்ப சோடாவா?

தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்ஸிஜனை அளக்கும் டி.ஓ. மீட்டர் லிட்டருக்கு 7 மில்லிகிராம் காட்டுகிறது. மீனோ தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தொட்டி ஓரமாக ஒதுங்கிச் செவுளை வேகவேகமாக அடித்துக்கொண்டு மந்தமாக நிற்கிறது. ஆக்ஸிஜனை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து இரண்டு நாள் திறந்துவிட்டுப் பார்த்தேன். மீட்டரில் எண்தான் ஏறியது, மீன் அப்படியேதான் நின்றது.

அன்றைக்கு என் தண்ணீரின் பி.ஹெச். (அமில-கார அளவு) 6.6, காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கிப்பிடிக்கிற பைகார்பனேட் அளவு, லிட்டருக்கு 120 மில்லிகிராம். இந்த இரண்டையும் அட்டவணையில் வைத்துப் பார்த்தால் 28 டிகிரி தண்ணீரில் கரியமில வாயு லிட்டருக்கு 57 மில்லிகிராம் வருகிறது. 20-ஐத் தாண்டவிடாமல் வைத்திருப்பது நல்லது. திலேப்பியா கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஆனால் தாங்குவது வேறு, தின்று வளர்வது வேறு. தண்ணீரில் அந்த வாயு நிறைந்துவிட்டால் மீனின் ரத்தத்தில் இருப்பது வெளியே வர வழியில்லை, ரத்தம் புளித்துப்போகும், அப்புறம் செவுள் வரை ஆக்ஸிஜன் வந்து நின்றாலும் ரத்தத்தால் அதைப் பிடித்து எடுத்துப்போக முடியாது.

என் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே வரும் கணக்கு யாருக்கும் பயன்படாது. தர்மபுரிப் பக்கம், ஷெட்டுக்குள் நாலு வட்டத் தொட்டி, ஒவ்வொன்றும் 10,000 லிட்டர். தண்ணீர் மணிக்கு ஒரு தடவை முழுசாகச் சுற்றி வரும், அதாவது மணிக்கு 40 கன மீட்டர். வேகமாக வளர மேம்படுத்தின ஜிஃப்ட் ரகத் திலேப்பியா, அறுவடைக்கு முந்தின வாரங்களில் ஒரு நாளைக்கு 20 கிலோ தீவனம் போகும். மீன் ஒரு கிராம் ஆக்ஸிஜன் எடுத்தால் ஏறக்குறைய 1.4 கிராம் கரியமில வாயு விடும், மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றுகிற பயோஃபில்டரில் இருக்கிற பாக்டீரியாவும் தன் பங்கைச் சேர்க்கும். மொத்தத்தில் கிலோ தீவனத்துக்கு 700 கிராம் என்று வைத்துக்கொண்டால், தினம் 14 கிலோ கரியமில வாயு. இதை எங்கேயாவது தள்ளியாக வேண்டும்.

ஆரம்பத்தில் அமைப்பைப் போட்டுக்கொடுத்தவர் (பெயர் வேண்டாம்) கொட்டேஷனில் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரிக்கிற கான்சன்ட்ரேட்டர், அதைத் தண்ணீரில் கரைக்கிற கோன் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். இந்த வாயு வெளியே போக என்ன வழி என்று ஒரு வரி இல்லை. 2020-இல் வந்த மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா மீன்வளத் திட்டத்தில் பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் 60 சதவீதம் மானியம் என்றதும் ஆர்.ஏ.எஸ். (ஒரே தண்ணீரைச் சுத்தம் செய்து சுற்றவிட்டு மீன் வளர்க்கிற அமைப்பு) போட நிறையப் பேர் கிளம்பினோம், ஆனால் கொட்டேஷனைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. சாதாரணக் காற்றை ஊதி வளர்க்கிற வரைக்கும் இந்தப் பிரச்சினை தலைகாட்டாது, ஏனென்றால் ஆக்ஸிஜனைக் கொண்டு வருகிற அதே காற்று கரியமில வாயுவை வாரிக்கொண்டு போய்விடும். சுத்தமான ஆக்ஸிஜனுக்கு மாறியவுடன் கொஞ்சம் வாயுவிலேயே மீனுக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. கழிவை வாரிக்கொண்டு போகத்தான் எதுவும் இல்லை. அதனால் கான்சன்ட்ரேட்டர் வாங்குகிற அன்றைக்கே கீழே இருப்பதில் ஒன்றையும் முடிவு செய்துவிடுங்கள்.

ஆப்ப சோடாவை முதலில் முடித்துவிடலாம். சோடியம் பைகார்பனேட் ஆர்.ஏ.எஸ்.ஸில் கட்டாயம் வேண்டும், கிலோ தீவனத்துக்குக் கால் கிலோ அளவில் நானும் போடுகிறேன், மாதத்துக்கு 25 கிலோ மூட்டை ஆறு காலியாகிறது. ஆனால் அது பயோஃபில்டர் தின்றுதீர்க்கிற காரத்தன்மையை ஈடுகட்டத்தான். கரியமில வாயுவை அது வெளியேற்றாது. போட்டவுடன் பி.ஹெச். ஏறும், நமக்கும் நிம்மதியாக இருக்கும், வாயு மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கும். காரத்தன்மை 120-இல் பி.ஹெச். 7 என்றால் கரியமில வாயு 22, காரத்தன்மையை 240-க்கு ஏற்றிவிட்டு அதே பி.ஹெச். 7 என்றால் 45. பி.ஹெச். மீட்டரை மட்டும் பார்த்து ‘ஏழு இருக்கே, சரிதானே’ என்று போகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள், நானும் ஒரு மாதம் மாட்டினேன்.

நீற்றுச் சுண்ணாம்பு உண்மையிலேயே வாயுவைக் கட்டிப்போடும், ஒரு கிராம் கரியமில வாயுவுக்கு 0.84 கிராம் போதும். அவசரத்துக்கு நல்லது, ஆனால் கை கொஞ்சம் தாராளமாகப் போனால் பி.ஹெச். 8-க்குப் போய்விடும். பி.ஹெச். 7-இல் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருந்த விஷப்பகுதி 8-இல் ஆறு, ஆறரை சதவீதம் ஆகிவிடும். ஒரு வியாதியைத் தீர்க்கப் போய் இன்னொன்றை வாங்கிவருவது. அதோடு, தினம் 14 கிலோ வாயுவுக்குத் தினம் 12 கிலோ சுண்ணாம்பு கரைக்கிற வேலையை யார் செய்வது?

தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கலாம் என்பார்கள். எங்கள் ஊர்ப் போர்வெல்லில் அவ்வளவு தண்ணீர் இருந்தால் நான் ஏன் ஆர்.ஏ.எஸ். போடப் போகிறேன். போர்த் தண்ணீரே கரியமில வாயுவோடு மேலே வருவதும் உண்டு, அதையும் கொஞ்சம் ஆற்றித்தான் விட வேண்டும்.

ஆக, உண்மையான போட்டி இரண்டுக்குள்தான்: ரிங் ப்ளோயர் என்கிற காற்று ஊதும் மோட்டாரை வைத்து, தொட்டிக்குள் போட்ட ஏர் ஸ்டோன் என்கிற நுண்துளைக் கல் வழியாக ஊதுவது, அல்லது தண்ணீரை மேலே ஏற்றிக் கோபுரம் மாதிரி அடுக்கின கிரேட்டுகள் வழியாகக் கொட்டவிட்டு, எதிர்ப்பக்கம் மின்விசிறியால் காற்றைத் தள்ளுவது. இரண்டிலும் சூத்திரம் ஒன்றுதான், நிறையக் காற்று நிறையத் தண்ணீரைத் தொட வேண்டும். ஒரு பங்கு தண்ணீருக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு காற்று என்பது கோபுரத்துக்குச் சொல்கிற கணக்கு.

முதலில் ப்ளோயர்தான் வாங்கினேன், ஒன்றரை ஹெச்.பி. வந்த அன்றே மாட்டி ஓட்டலாம், குழாய் வேலை அதிகமில்லை, வேண்டாமென்றால் பாதி விலைக்காவது விற்றுவிடலாம். நாலு நாளில் பி.ஹெச். 6.6-இலிருந்து 6.9-க்கு வந்தது, மீனும் தின்ன ஆரம்பித்தது. குறைகளும் உடனே தெரிந்தன: சத்தம், சித்திரை வெயிலில் கை வைக்க முடியாத சூட்டில் காற்று தண்ணீருக்குள் போவது, குமிழி மலத்தை உடைத்துக் கலக்கிவிடுவதால் கழிவை வடிகட்டுகிற டிரம் ஃபில்டருக்குச் சிக்காமல் நழுவுகிற பொடி. இதெல்லாம் சகித்துக்கொள்ளக்கூடியவை.

என்னை மாற வைத்தது பராமரிப்பு. எங்கள் ஊர்த் தண்ணீர் உப்புக் கட்டுகிற தண்ணீர், குழாய் வாயிலேயே வெள்ளையாகப் படியும். அது ஏர் ஸ்டோனின் நுண்துளைகளிலும் படிகிறது, மேலே பாசி மாதிரி வழவழப்பு ஒட்டுகிறது. மூன்றாவது மாதம் நாற்பது கல்லில் எத்தனை கல் ஒழுங்காக ஊதுகிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியவில்லை, ஏனென்றால் எல்லாம் தண்ணீருக்கு அடியில், மேலே குமிழி பொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அடைபட்ட கல்லின் காற்று பக்கத்துக் கல் வழியாகப் போகிறது, அந்த இடத்தில் பெரிய குமிழியாக வெடிக்கிறது, பார்ப்பதற்கு முன்னைவிட நன்றாக ஓடுகிற மாதிரி இருக்கும். பெரிய குமிழி தண்ணீரைத் தொடுவது குறைவு. கரியமில வாயு மெல்ல ஏறுகிறது, மீன் தீவனத்தில் பத்து சதவீதம் குறைத்துத் தின்கிறது, நாம் அதைச் சீதோஷ்ணம் என்று நினைத்துக்கொள்கிறோம். இன்னொரு பக்கம் கல் அடைய அடைய ப்ளோயருக்கு எதிரழுத்தம் கூடி, அது சூடாகி, பேரிங் போகிறது. எனக்கு இரண்டு தடவை போனது, இரண்டும் ராத்திரியில்.

கழுவலாமே என்பீர்கள். கழுவினேன். தொட்டிக்குள் கையை விட்டுக் கல்லைக் கழற்றி, ஆசிட் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, திரும்ப மாட்டி. நாற்பது கல்லுக்கு ஒரு நாள் முழுக்கப் போகும், அந்த நாள் முழுக்க மீன் மிரண்டு கிடக்கும். வேலைக்கு இருக்கிற தம்பி இரண்டு தடவை செய்தார், மூன்றாவது தடவை ‘அண்ணே, நாளைக்குப் பார்க்கலாம்’ என்றார். அந்த நாளை வரவே இல்லை, அவரைக் குறை சொல்லவும் முடியாது.

கோபுரத்துக்கு நான் வாங்கியது மார்க்கெட்டில் கிடைக்கிற பழைய தக்காளிக் கிரேட். ஐந்து ஐந்தாக அடுக்கி நாலு வரிசை, உயரம் ஒன்றரை மீட்டர், சுற்றிலும் ஷீட், மேலே துளை போட்ட தட்டு, கீழே தண்ணீர் சேர்கிற சம்ப். அடிப்பக்கத்திலிருந்து காற்றைத் தள்ள ஒரு சின்ன விசிறி, மேலே வரும் காற்றை ஷெட்டுக்கு வெளியே கொண்டுபோக ஒரு குழாய். முதலில் கிரேட்டுக்குள் பயோ பால் என்கிற பிளாஸ்டிக் உருண்டைகளை நிரப்பினேன், அது தப்பு, இரண்டு மாதத்தில் சளி பிடித்து ஒரு பக்கமாகவே தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. இப்போது உள்ளே எதுவும் இல்லை, வெறும் கிரேட். தண்ணீர் ஒவ்வொரு அடித்தட்டிலும் மோதிச் சிதறுகிறது, அதுவே போதுமானதாக இருக்கிறது. ஒரு சுற்றுக்குப் பாதிக்கு மேல் வாயு போய்விடுகிறது என்று என் அளவீடுகள் சொல்கின்றன, முழுத் தீவனம் போகிற வாரங்களில் பி.ஹெச். 7-க்குக் கீழே இறங்கவில்லை.

இதிலும் அடைப்பு வரும், வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் இதில் வருகிற அடைப்பு கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும். மேல்தட்டில் துளை அடைந்தால் தண்ணீர் ஓரமாக வழியும், கொட்டுகிற சத்தம் மாறும், ஷெட்டுக்குள் நுழையும்போதே தெரிந்துவிடும். துடைப்பக் குச்சியால் குத்திவிட்டால் முடிந்தது. வாரம் ஒரு வரிசையை எடுத்து வெயிலில் போட்டு, மாற்றாக வைத்திருக்கிற ஐந்து கிரேட்டை அந்த இடத்தில் அடுக்கிவிடுவோம். காய்ந்த சளி தட்டினாலே பெயர்ந்து விழுகிறது. அரை மணி நேர வேலை, மீனைத் தொட வேண்டியதில்லை, எதையும் நிறுத்த வேண்டியதில்லை. உடைந்தால் இன்னொரு கிரேட். கல்லைக் கழுவ ‘நாளைக்கு’ என்ற அதே தம்பிதான் இதை நான் சொல்லாமலே செய்கிறார். ஈரமான இடத்தில் சின்னச் சின்ன ஈ சேரும், அது ஒரு தொல்லை, அதற்கு நான் வழி கண்டுபிடிக்கவில்லை.

கரண்ட் கணக்கிலும் கோபுரம்தான் எனக்குக் குறைவு. ஒன்றரை ஹெச்.பி. ப்ளோயர் நாள் முழுக்க ஓடினால் 26 யூனிட் ஆகிறது. 40 கன மீட்டரைக் கூடுதலாக இரண்டு மீட்டர் ஏற்ற பம்ப் 11, 12 யூனிட் எடுக்கும், விசிறிக்கு இன்னொன்றரை. உங்கள் தண்ணீர் ஏற்கெனவே உயரத்திலிருந்துதான் இறங்குகிறது என்றால் இன்னும் குறையும். மாறாக, கோபுரத்தைத் தேவைக்கு மேல் உயரமாகக் கட்டினால் இந்த லாபம் போய்விடும்.

மேலே போகிற காற்றுக்குக் குழாய் வைத்தேன் என்றேனே, அதைச் சிக்கனம் பார்த்து விட்டுவிடாதீர்கள். வெளிக்காற்றோடு ஒத்துப்போன தண்ணீரில் கரியமில வாயு லிட்டருக்கு 0.6 மில்லிகிராம்தான் இருக்கும். மார்கழிக் குளிருக்குப் பயந்து தார்ப்பாயால் ஷெட்டை மூடிவிட்டு, கோபுரம் கக்குகிற வாயுவையும் உள்ளேயே விட்டால், உள்காற்றில் அது 5,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 5,000 பங்கு) ஆகும்போது தண்ணீரில் வாயு லிட்டருக்கு 7 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கவே இறங்காது, எவ்வளவு கொட்டினாலும். எனக்கு இது டிசம்பரில் நடந்தது, கோபுரம்தான் சரியில்லை என்று ஒரு வாரம் அதையே நோண்டிக்கொண்டிருந்தேன். குளிர் இன்னொரு தலைவலி, கொட்டுகிற தண்ணீர் ராத்திரியில் இரண்டு மூன்று டிகிரி ஆறிவிடுகிறது, திலேப்பியாவுக்கு அது ஆகாது. மார்கழியில் பின்னிரவு விசிறியை டைமரில் நிறுத்திவைக்கிறேன், மீன் அந்த நேரத்தில் தின்பதில்லை என்பதால் சமாளிக்க முடிகிறது. சித்திரையில் இதே ஆறுதல் வரம்.

உங்களுக்குப் பிரச்சினை கரியமில வாயுதானா என்று தெரிந்துகொள்ளக் கருவி வாங்க வேண்டாம். ஒரு வாளித் தொட்டித் தண்ணீரை வெளியே எடுத்துவைத்து பி.ஹெச். பாருங்கள், அரை மணி நேரம் ஏர் ஸ்டோன் போட்டுவிட்டுத் திரும்பப் பாருங்கள். ஒவ்வொரு 0.3 ஏற்றமும் வாயு பாதியாகக் குறைந்ததற்குச் சமம். என் வாளியில் 6.6 இருந்தது 7.6-க்குப் போனது. 0.2 கூட ஏறவில்லையென்றால் மீன் தின்னாததற்கு வேறு காரணம் தேடுங்கள்.

கடல்நீர் மாதிரி உப்புத் தண்ணீரில் நான் எதையும் ஓட்டியதில்லை. கொடுவா வளர்க்கிறவர்கள் என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நாளைக்கு ஐந்தாறு கிலோ தீவனம் போடுகிற சின்ன அமைப்புக்குக் கோபுரம் தேவையே இல்லை, சின்ன ப்ளோயரும் பத்துக் கல்லும் போதும், பத்துக் கல்லைக் கழுவுவது பெரிய காரியமில்லை.

ப்ளோயரை நான் விற்கவில்லை. கரண்ட் போனால் பம்ப் நிற்கும், கோபுரம் வெறும் பிளாஸ்டிக் அடுக்கு, அப்போது மீனை உயிரோடு வைத்திருப்பது ப்ளோயர்தான். ஜெனரேட்டரோடு இணைத்து ஓரமாக வைத்திருக்கிறேன், கல் பன்னிரண்டு மட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்ப்போம், அப்படியே எத்தனை கல் ஊதுகிறது என்று எண்ணிவிடுவோம்.