பேனல் சூடு: விசிறியா, ஏசியா, பஸ்பாரா?

மின் பேனல் (பிரேக்கர், டிரைவ் போன்ற மின்கருவிகள் இருக்கும் இரும்புப் பெட்டி) சூடானால் உடனே ஏசி மாட்டச் சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: உள்ளே எத்தனை வாட் சூடு பிறக்கிறது? வெளியே, வருடத்தின் மோசமான நாளில், காற்று எத்தனை டிகிரி?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 மீட்டர் உயரம், 800 மி.மீ. அகலம், 600 மி.மீ. ஆழம் கொண்ட இரும்புப் பேனல் சுவரோரமாக நிற்கிறது. உள்ளே ஒரு 30 கிலோவாட் டிரைவ், அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி. முழுச் சுமையில் அதன் இழப்பு 3 சதவீதம் என்றால் 900 வாட். காண்டாக்டர் (மோட்டாரை ஓட்டி நிறுத்தும் சுவிட்ச்), பிரேக்கர் முதலானவற்றுக்கு 300 சேர்த்தால் மொத்தம் 1,200 வாட். உள்ளே 45 டிகிரி வரை விடலாம் என்று வைத்துக்கொள்வோம். (பல டிரைவ்கள் 40 டிகிரியைத் தாண்டினால் முழு மின்னோட்டம் தராது. ஆகவே ஓர் அளவு பெரியதாக வாங்க வேண்டியிருக்கும்.) வெளியே 35 டிகிரி இருந்தால், சுமார் 5 சதுர மீட்டர் பெயின்ட் பூசிய தகட்டின் வழியாகவே 275 வாட் போய்விடும். குளிரூட்டும் கருவி பார்த்துக்கொள்ள வேண்டியது மீதி 925 வாட்டைத்தான்.

ஃபில்டர் விசிறிக்கு இது எளிய வேலை. மணிக்கு 290 கன மீட்டர் காற்று போதும். வெளியே 40 டிகிரி ஆனால் கதை மாறுகிறது: தகடு பாதிதான் கடத்தும், தேவைப்படும் காற்று 660 கன மீட்டராக ஏறும். 45 ஆகிவிட்டால் எவ்வளவு பெரிய விசிறியாலும் பயனில்லை. கேட்டலாகில் அச்சிட்டிருக்கும் அளவு பெரும்பாலும் தடையின்றி ஓடும் விசிறிக்கானது என்பதும் நினைவிருக்கட்டும். ஃபில்டர் மாட்டினால் குறையும், தூசி அடைத்தால் இன்னும் குறையும்.

விசிறியைக் கீழே வைத்து, காற்றை உள்ளே தள்ளுமாறு மாட்டுவதே சரி. உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுவதால் தூசி இடுக்குகள் வழியாக நுழையாது. மேலே வைத்து வெளியே உறிஞ்சினால், கேபிள் நுழையும் ஒவ்வொரு ஓட்டையும் ஃபில்டர் இல்லாத நுழைவாயிலாகிவிடும். ‘விசிறி போட்டோம், பலனில்லை’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பஞ்சுத் துகள், எண்ணெய்ப் புகை, சிமென்ட் தூசி உள்ள இடங்களில் வெளிக்காற்றை உள்ளே விடவே கூடாது. அங்கே காற்று–காற்று வெப்பப் பரிமாற்றி பொருந்தும். உள்காற்றும் வெளிக்காற்றும் கலப்பதில்லை. ஆனால் வெளியே குளிர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கும் உண்டு. குளிர்ந்த நீர் குழாயில் வரும் ஆலை கொடுத்துவைத்தது: அங்கே சூட்டை நீரில் விடும் காற்று–நீர் பரிமாற்றி பொருந்தும். பெல்டியர் (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் தகடு) சிறிய பெட்டிகளுக்கு மட்டும். அழுத்தக் காற்றைச் சுழலவிட்டுக் குளிர்காற்றைப் பிரித்துத் தரும் சுழல் குழாய்க்கு நகரும் பாகமே கிடையாது. ஆனால் காற்றை அழுத்தச் செலவாகும் மின்சாரத்தைப் பார்த்தால் அதை நிரந்தரமாக மாட்ட மனம் வராது.

வெளியே இருப்பதைவிட உள்ளே குளிராக வேண்டும், தண்ணீர் வசதியும் இல்லை என்றால் ஏசிதான். அங்கே மறுப்பில்லை. ஆனால் அதை 22 டிகிரியில் ஓட்டுவது வீண். 35 போதும். அதற்கும் கீழே போனால், கதவைத் திறந்தவுடன் ஈரக்காற்று நுழைந்து குளிர்ந்த பாகங்களில் நீர் கோர்க்கும். கேபிள் நுழைவாயிலை அடைக்காமல் ஏசி ஓட்டினால், அது நாள் முழுவதும் அறையின் ஈரத்தைப் பிழிந்துகொண்டிருக்கும். வெளிவெப்பம் ஏறஏற ஏசியின் திறனும் இறங்கும். 35 டிகிரிக்குச் சொன்ன வாட் 50 டிகிரியில் கிடைக்காது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, டிரைவின் ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துடுப்புகள்) பேனலின் பின்பக்கத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை. 900 வாட்டில் பெரும்பகுதி உள்ளேயே வராது. தகட்டை வெட்டி, இடுக்கை அடைக்க கேஸ்கெட் வைக்கும் சிரமம் ஒருமுறைதான்.

பேனலுக்குள் மின்சாரத்தைப் பகிர்வதிலும் இதே கேள்விதான்: எவ்வளவு சூடு பிறக்கிறது? ஒரு பிரேக்கரிலிருந்து அடுத்ததற்கு கேபிளால் தாவித் தாவி இணைப்பது மலிவு, நாலைந்து சிறிய கிளைச் சுற்றுகளுக்குக் குறையில்லை. கிளைகள் பெருகினால் முதல் முனைகள் பின்னால் உள்ள எல்லாவற்றின் மின்னோட்டத்தையும் சுமக்கும். சூடு மின்னோட்டத்தின் இருமடியில் ஏறுவதால், 10 சதவீதம் கூடினால் சூடு 21 சதவீதம் கூடும். டிரங்கிங்கில் (கேபிள் ஓடும் மூடிய பாதையில்) நெருக்கி அடைத்த கேபிளுக்கு அதை வெளியேற்ற வழியுமில்லை.

கேபிளுக்குப் பதில் பஸ்பார், அதாவது மின்சாரத்தைச் சுமக்கும் உலோகப் பட்டை, போட்டால் இடைமுனைகள் குறையும், பட்டை காற்றில் நிற்கும். பட்டைகளுக்கிடையே 60 மி.மீ. இடைவெளி உள்ள அமைப்பில் அடாப்டரை (பிரேக்கரைப் பட்டையோடு இணைக்கும் துண்டை) மாட்டினால் கிளை தயார். செம்பும் இடமும் கூடுதலாகத் தேவை என்பது உண்மை. அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் சுமார் 61 சதவீதம். அதே மின்தடைக்கு ஏறத்தாழ 1.6 மடங்கு குறுக்குப்பரப்பு வேண்டும். அதன் மேல் படியும் ஆக்சைடு காரணமாக மூட்டுகளில் கவனமும் கூடுதலாக வேண்டும். இடம் நெருக்கடியான பேனலில் நான் செம்பையே எடுப்பேன். எந்த உலோகமானாலும் போல்ட்டை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து முறுக்கும் ஸ்பேனரால்) முறுக்கி, முழுச் சுமையில் வெப்பக் கேமராவால் பார்த்த பிறகே குளிரூட்டும் கருவிக்கு ஆர்டர் கொடுப்பேன். தளர்ந்த மூட்டின் சூட்டை எந்த ஏசியும் சரிசெய்யாது.