மூன்றரை ஏக்கருக்கு 24 ஹெச்பி: 600 மணி நேரம் ஓட்டிய பிறகு

என் நிலம் மூன்றரை ஏக்கர். பாதி மரவரிசை, மீதி காய்கறி. இதற்காக நான்கு சக்கரமும் இழுக்கும் 24 ஹெச்பி சின்ன டிராக்டர் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. மீட்டர் 600 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது.

வாங்கும் முன் 45 ஹெச்பி வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன். இழுவையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எடை ஏறத்தாழ இரண்டு டன். நிலத்தில் ஈரம் இருந்ததால் சக்கரத் தடம் ஆழமாகப் பதிந்துவிட்டது. வரிசை முடிவில் திருப்ப இடம் போதாமல் முன்னும் பின்னும் எடுத்ததில் இரண்டு கன்றுகள் சாய்ந்தன. திருப்பிய இடமெல்லாம் மண் இறுகி, அடுத்த பருவத்தில் அந்த ஓரத்தில் செடி தேறவே இல்லை. அப்புறம்தான் டேப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினேன். கிளைகளையும் சேர்த்துப் பார்த்தால் மிகக் குறுகலான இடைவெளி ஒன்றரை மீட்டர். எந்த வண்டி என்பதை அந்த ஒரு அளவுதான் முடிவு செய்தது. இப்போதைய வண்டியின் அகலம் 1.1 மீட்டர், எடை சுமார் 900 கிலோ. இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் மிஞ்சுகிறது.

ஹெச்பி விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். எழுதியிருக்கும் 24 என்பது இன்ஜினுடையது. பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டான பி.டி.ஓ.வுக்கு வந்து சேர்வது 20தான். மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டாவேட்டருக்குக் கிடைப்பதும் அந்த 20தான். ஆசைப்பட்டு 5 அடி ரோட்டாவேட்டர் மாட்டினேன். களிமண்ணில் பி.டி.ஓ.வுக்கு வேண்டிய நிமிடத்துக்கு 540 சுற்று வேகம் நிலைக்கவில்லை, இன்ஜின் திணறிக் கரும்புகை தள்ளியது. 4 அடிக்கு மாறியதும் வேலை சீரானது. அது சக்கரத் தடத்தை மூடி இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நிற்பதால் பின்னால் தடமே தெரிவதில்லை. மணிக்கு 3 லிட்டர் அளவுக்கு டீசல் பிடிக்கிறது.

தூக்கும் திறன் 750 கிலோ என்று போட்டிருந்தார்கள். அது கருவியை மாட்டும் பின்பக்க இணைப்புக் கைகளின் முனையில் அளந்த கணக்கு. கருவியின் பாரம் அதற்கும் பின்னால் தள்ளி நிற்பதால் அவ்வளவு தூக்காது. ஹைட்ராலிக் தாங்கினாலும் முன்சக்கரம் தாங்க வேண்டுமே! ஒருமுறை கனமான கருவியைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஏறியபோது ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிட்டது. முன்சக்கரம் தரையைத் தொடவில்லை. அன்றே முன்னால் எடைக்கட்டைகள் மாட்டினேன். வாங்கும்போதே அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

இதனால் முடியாத வேலைகளும் உண்டு. பல வருடம் தரிசாகக் கிடந்த மூலையில் கலப்பை இறங்கவில்லை, சக்கரம் வழுக்கியது. எடை குறைந்த வண்டிக்கு அந்தப் பிடிமானம் வராது. அங்கே ஒரே ஒரு உழவுக்குப் பெரிய வண்டியை வாடகைக்கு அழைத்தேன், அதற்குப் பிறகு இதுவே போதுமானதாக இருக்கிறது. டிரெய்லர் இன்னும் முக்கியம். சமதரையில் ஒரு டன் சுமையை நன்றாக இழுக்கும். சரிவில் இறங்கும்போது அதே சுமை பின்னாலிருந்து வண்டியைத் தள்ளும். இழுக்கிறதே என்று ஏற்றிவிடாதீர்கள். நான் பாதிச் சுமைதான் ஏற்றுகிறேன், கீழ் கியரிலேயே இறங்குகிறேன், இடது வலது பிரேக் பெடல்களைச் சேர்த்துப் பூட்டிக்கொள்கிறேன்.

வண்டி கவிழ்ந்தால் காக்கும் இரும்பு வளைவை மடக்கும் வசதி இருக்கிறது. தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் மட்டும் மடக்குகிறேன், வெளியே வந்ததும் நிமிர்த்திவிடுகிறேன். நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட் கட்டாயம். மடக்கியிருக்கும்போது பெல்ட் போடக் கூடாது, கவிழ்ந்தால் ஓட்டுபவரை வண்டியோடு கட்டிப் போட்டுவிடும்.

பராமரிப்பில் பெரிய தொந்தரவு இல்லை. புழுதியில் ஓடுவதால் ஏர் ஃபில்டரை மட்டும் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது. இருக்கை கடினமானது, மூன்று மணி நேரத்துக்கு மேல் இடுப்பு வலிக்கும்.

மரமே இல்லாத திறந்த நிலம் பத்து ஏக்கர் இருந்திருந்தால் அந்த 45ஐயே எடுத்திருப்பேன். ஒரு ஏக்கருக்கும் குறைவு என்றால் பவர் டில்லர் போதும். என் மூன்றரை ஏக்கருக்கு, இந்த மரவரிசைக்கு, மறுபடி வாங்கினாலும் இதே 24தான்.