கைவேலை பாலிஷ் என்று சொல்லி கிராங்கையே கெடுத்துக் கொடுத்தார்கள்

அலுமினிய சைக்கிள் பாகங்களைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போடக் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

என் பழைய சைக்கிளின் கிராங்க் இரண்டையும், அதாவது பெடலை மாட்டும் கைகளை, ஒரு பட்டறையில் கொடுத்தேன். "மெஷினே தொடமாட்டோம் சார், எல்லாம் கைவேலைதான்" என்றார்கள். கூலியும் கைவேலைக் கூலிதான். கைக்கு வந்தபோது முகம் தெரிந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்ததும் வண்டவாளம் தெரிந்துவிட்டது. கூர்மையாக இருந்த விளிம்பெல்லாம் மழுங்கல். பொறித்திருந்த எழுத்தில் பாதியைக் காணோம், மீதியில் கறுப்பு மெழுகு அடைந்து கிடந்தது. போல்ட் துளைகளின் வாய் ஒரு பக்கமாக இழுபட்டு நீண்டிருந்தது. இது மெஷினில் சுழலும் பஃபிங் சக்கரம் செய்யும் வேலை. கட்டையில் வாட்டர் பேப்பரைச் சுற்றி, 400-ஆம் நம்பர் தாளில் தொடங்கி 600, 800, 1000, 2000 என்று ஏறி, ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றி, முந்தின கீறல் மறையும்வரை தேய்க்கிறவர் கையில் விளிம்பு இப்படிக் கரையாது.

அழகு போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். பெடலை மாட்டும்போதுதான் வயிற்றைக் கலக்கியது. 9/16 அங்குல மரையில் பெடல் லொடலொடவென்று ஆடுகிறது. கிராங்கை அச்சில் ஏற்றினால் முன்பு நின்ற இடத்தைத் தாண்டி உள்ளே போகிறது. அச்சு நுழையும் சதுரத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்சுவர் முழுக்கச் சாம்பல் நிறத்தில் அரித்திருந்தது.

கேட்டதும் ஒப்புக்கொண்டார்கள்: "காஸ்டிக்ல போட்டாத்தான் சார் கோட்டிங் போகும்."

அவர்கள் சொன்ன கோட்டிங் அனோடைசிங், அதாவது அலுமினியத்தின் மேல் இருக்கும் கடினமான ஆக்சைடு படலம். அதை எடுக்காமல் கண்ணாடிப் பளபளப்பு வராது, உண்மைதான். ஆனால் காஸ்டிக் சோடா படலத்தைத் தின்றதோடு நிற்காது, அடியில் இருக்கும் அலுமினியத்தையும் தின்னும். மேற்பரப்பில் விழுந்த அரிப்பைத் தேய்த்து மறைத்துவிடலாம். மரைக்குள் விழுந்ததை யார் மறைப்பது? மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் பிய்த்துக்கொண்டு போனால் விழுகிறவர் கதி என்ன? இதைச் சொன்னால், "பளபளன்னு கேட்டீங்க, குடுத்துட்டோம். மரைக்கெல்லாம் நாங்க பொறுப்பில்ல" என்று கையை விரித்துவிட்டார்கள். பணமும் திரும்பவில்லை, கிராங்கும் இனி ஓட்ட ஆகாது.

கொடுக்கும்முன் அனோடைசிங்கை எப்படி எடுப்பீர்கள் என்று நேராகக் கேளுங்கள். காஸ்டிக் என்றால், மரையையும் சதுரத் துளையையும் எப்படி அடைப்பார்கள் என்று காட்டச் சொல்லுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பாகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கொடுப்பதென்றால், அதற்கு முன் பெடலைத் திருகி ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது அங்கேயே மறுபடி திருகிப் பாருங்கள், பளபளப்பை அப்புறம் பார்க்கலாம். ஆட்டம் இருந்தால் பணத்தை எடுக்கவே எடுக்காதீர்கள்.