சிறுவன் போலீஸில் மாட்டினால்: ஸ்டேஷன் சமரசமா, வீட்டுக் கண்காணிப்பா, சிறப்பு இல்லமா?

பஸ் ஸ்டாண்டில் செல்போன் திருடியதாகப் பதினாறு வயதுப் பையன் பிடிபட்டால், வீட்டில் முதலில் எழும் பேச்சு, "எப்படியாவது ஸ்டேஷனிலேயே முடிச்சிடுங்க" என்பதுதான். பேரில் கேஸ் ஏறினால் நாளைக்கு அரசு வேலை போய்விடுமே என்ற பயம்.

ஆனால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, இப்படிப்பட்ட சிறாருக்கு அந்தக் குற்றத்தால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது. பதினாறு வயதைக் கடந்து, கொடுங்குற்றத்துக்காக (குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றம்) பெரியவர்போல விசாரிக்கப்பட்டவர்கள் மட்டுமே விதிவிலக்கு. பெயரையும் படத்தையும் வெளியிட 74ஆவது பிரிவு தடை போடுகிறது. 2016 மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றமோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததோ இல்லையென்றால் எஃப்.ஐ.ஆர். போடுவதே கிடையாது.

சரி, ஸ்டேஷன் சமரசத்தில் பையனுக்கு என்ன கிடைக்கிறது? நாலு அடி, ஒரு மிரட்டல். ஏன் திருடினான், யாரோடு சுற்றுகிறான், போதைப் பழக்கம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. ஏரியாவில் அடுத்து எது காணாமல் போனாலும் அவனைத்தான் தேடி வருவார்கள்.

ஸ்டேஷனில் முடிக்காமல் சட்டப்படி போனால், சிறார் வழக்கை விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம். அதில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் உட்கார்ந்திருப்பார்கள். 18ஆவது பிரிவின்படி அவர்கள் பையனை வீட்டில் வைத்தே திருத்தலாம்: புத்திமதியும் கவுன்சலிங்கும், சமூக சேவை, பெற்றோர் பொறுப்பில் நன்னடத்தைக் கண்காணிப்பு. பள்ளிக்கோ தொழிற்பயிற்சிக்கோ போதை மீட்புக்கோ போகச் சொல்லியும் உத்தரவிடலாம். முதல்முறை மாட்டியவனுக்குச் சமூக சேவை நல்லது. பூங்கா பராமரிப்பு, முதியோருக்கு உதவி என்று பதினான்கு வயது கடந்தவர்களுக்குத் தருவார்கள். கூட்டாளிகளிடமிருந்து பிரிக்க வேண்டிய பையனுக்கு அது போதாது, கண்காணிப்புதான் சரி. அதற்குப் பெற்றோர்தான் பொறுப்பேற்க வேண்டும் என்றில்லை. வேறு ஊரில் இருக்கும் தாய்மாமனைக்கூடத் தகுந்த நபராகக் குழுமம் ஏற்கலாம்.

கடைசி வழி சிறப்பு இல்லம், அதாவது வீட்டைவிட்டுப் பிரித்துத் தங்கவைத்துத் திருத்தும் இடம். அதிகபட்சம் மூன்று ஆண்டு. மற்ற எதுவும் கைகொடுக்காதபோது மட்டுமே நான் அதை ஏற்பேன். பள்ளியும் வீடும் அறுந்துபோன பையனை மறுபடி ஒட்டவைப்பது பெரும்பாடு.

எந்த வழி என்பதை முடிவுசெய்வதில், பையனின் குடும்பச் சூழலை விசாரித்துக் குழுமத்துக்குச் சொல்லும் நன்னடத்தை அலுவலரின் அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. பையனைக் குழுமத்தின் முன் நிறுத்திய பதினைந்து நாளுக்குள் அது வந்தாக வேண்டும். அவர் விசாரிக்க வரும்போது அப்பாவின் குடியையோ பையன் பள்ளியை விட்டதையோ மறைக்காதீர்கள். தெரிந்தால்தான் அதற்கேற்ற உத்தரவு கேட்பார். தலைமை ஆசிரியரின் கடிதமோ, வேலை கற்றுத்தரத் தயாரான மெக்கானிக் ஒருவரின் வார்த்தையோ கையில் இருந்தால் எடுத்துக் கொடுங்கள்.

ஜாமீனை முதல் நாளே கேளுங்கள். கெட்ட சகவாசத்துக்குத் திரும்பிவிடுவான் என்பது மறுப்பதற்கு ஒரு காரணம். அதனால் பையன் எங்கே, யாரோடு இருப்பான் என்ற பதிலோடு போங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும், எண் 15100.