டி.ஐ.பி.சி-க்கு எந்த முறை? லேப் பெஞ்சில் நிற்பவனின் மதிப்பீடு

இரத்தத்தில் இரும்பைச் சுமந்து போகும் புரதம் டிரான்ஸ்ஃபெரின். ஒரு மூலக்கூறு இரண்டு இரும்பு அணுக்களுக்கு மேல் தூக்காது. அந்தச் சுமக்கும் திறனின் மொத்தக் கணக்குதான் டி.ஐ.பி.சி. இதை அளக்கும் நான்கு முறைகளோடும் எனக்குப் பழக்கம் உண்டு. நான்கும் ஒரே எண்ணைத் தருவதாகத்தான் கிட் அட்டைகளைப் படித்தால் தோன்றும்.

மக்னீசியம் கார்பனேட் முறையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) இரும்பை அள்ளிக் கொட்டி, ஒட்டாமல் மிஞ்சியதைத் தூளால் உறிஞ்சி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் நீரில் உள்ள இரும்பை அளக்க வேண்டும். தூள் துளி கலங்கி மேலே வந்தாலும் போச்சு. குழாயில் ஒட்டிய இரும்பு கணக்கில் சேராமல் இருக்க ஆசிட் கழுவல் வேறு. மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்க நல்ல முறை, அவ்வளவுதான்.

அன்றாட வேலைக்கு யு.ஐ.பி.சி, அதாவது டிரான்ஸ்ஃபெரினில் இன்னும் நிரம்பாத இடத்தை அளக்கும் முறை. காரத்தன்மை உள்ள பஃபரில் தெரிந்த அளவு இரும்பைச் சேர்க்கிறோம். புரதம் எடுத்தது போக மிஞ்சியது ஃபெரோசின் என்ற நிறமூட்டியோடு சேர்ந்து ஊதா நிறம் தரும், 562 நானோமீட்டரில் படிக்கலாம். சேர்த்ததில் மிஞ்சியதைக் கழித்தால் யு.ஐ.பி.சி, அதோடு சீரம் இரும்பைக் கூட்டினால் டி.ஐ.பி.சி. மலிவு, அனலைசரில் தானாக ஓடும். இரண்டு டெஸ்ட் என்பதால் இரண்டின் பிழையும் சேர்ந்து வரும் என்பதுதான் குறை. இரத்தம் உறையாமல் இருக்க ஈ.டி.டி.ஏ சேர்த்த குழாயில் வந்த சாம்பிளை இதில் போடவே கூடாது. மிஞ்சிய இரும்பை ஈ.டி.டி.ஏ பிடித்துக்கொள்ளும், எல்லாவற்றையும் டிரான்ஸ்ஃபெரினே எடுத்துவிட்டதுபோல எண் ஏறும். நேரடி டி.ஐ.பி.சி கிட்டில் கழித்தல், கூட்டல் கிடையாது, ஒரே ஓட்டம். எனக்குப் பிடிக்கும்.

ஆனால் வண்ண வேதியியல் முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு நோய் உண்டு. இரும்பு நிறைந்த சீரத்தில் ஆல்புமின் போன்ற மற்ற புரதங்களும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், அதுவும் டிரான்ஸ்ஃபெரின் கணக்கில் ஏறிவிடும். சீரம் இரும்பு டெசிலிட்டருக்கு 180 மைக்ரோகிராம் என்று வையுங்கள். டி.ஐ.பி.சி 360 என்றால் செறிவு, அதாவது அந்தத் திறனில் இரும்பு நிரம்பிய பங்கு, 50 சதவீதம். அதே 410 என்று வந்தால் 44 சதவீதம். உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் ஹீமோகுரோமடோசிஸைச் சந்தேகிக்கப் பலரும் வைத்திருக்கும் கோடு 45. எங்கே துல்லியம் வேண்டுமோ அங்கேயே எண் தள்ளாடுகிறது.

அங்கே இம்யூனோடர்பிடிமெட்ரி கை கொடுக்கிறது. எதிர்ப்பொருள் டிரான்ஸ்ஃபெரினை மட்டும் பிடித்துக் கலங்கலாக்கும், அந்தக் கலங்கலை அளக்கிறோம், இரும்பு எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை. ஈ.ஆர்.எம்-டி.ஏ.470கே/ஐ.எஃப்.சி.சி என்ற பொதுத் தரப்பொருளோடு அளவுத்திருத்தம் செய்யலாம் என்பதால் வெவ்வேறு கருவிகளின் எண்களும் ஓரளவு ஒத்துப்போகும். ரீஏஜென்ட் விலை கூடுதல். கொழுப்பால் பால்போல் வெளுத்த சீரம் வந்தால் தலைவலி.

இன்னொரு எரிச்சல், இந்த முறை தரும் டிரான்ஸ்ஃபெரின் அளவை டி.ஐ.பி.சி-யாக மாற்றும் பெருக்கல் எண். டிரான்ஸ்ஃபெரினின் மூலக்கூறு எடை சுமார் 79,500. இரண்டு இரும்பணுக்களின் எடை 111.7. அப்படியானால் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் வந்ததை 1.4-ஆல் பெருக்கினால் டி.ஐ.பி.சி. சில இடங்களில் 1.25 போடுகிறார்கள். 250 மில்லிகிராம் டிரான்ஸ்ஃபெரினுக்கு ஒருவர் 350 என்பார், இன்னொருவர் 312 என்பார். நோயாளி அதே நோயாளிதான்.

என் தேர்வு: இரும்புச்சத்துக் குறைவு தேடும் கூட்டத்துக்கு யு.ஐ.பி.சி போதும், செறிவு 40-ஐத் தாண்டினால் இம்யூனோ முறையில் திரும்ப ஓட்டுங்கள். ஒரே நோயாளியைத் தொடர்ந்து பார்க்கும்போது முறையை மாற்றாதீர்கள். ரிப்போர்ட்டில் முறையின் பெயரை அச்சிடாத லேப் எவ்வளவு நவீன கருவி வைத்திருந்தாலும் என்னிடம் ஒரு ஸ்டார் குறைவுதான்.