கிருபையா, முயற்சியா?

இரட்சிப்பு யார் கையில் இருக்கிறது? 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருவர் எதிரெதிர் பதில் சொன்னார்கள். தேவன் நியாயப்பிரமாணத்தையும் கிறிஸ்துவின் மாதிரியையும் தந்திருக்கிறார். அறிந்து முயன்றால் மனிதன் பாவமின்றி வாழலாம் என்றார் துறவி பெலாஜியஸ். சோம்பேறி விசுவாசிகளுக்கு நல்ல சாட்டைதான். நன்மையை விரும்பும் மனமே கிருபையால்தான், அதாவது தேவன் இலவசமாகத் தரும் தயவால்தான், பிறக்கிறது என்றார் வட ஆப்பிரிக்க நகரான ஹிப்போவின் பிஷப் அகஸ்டீன். 418-இல் கார்த்தேஜில் கூடிய திருச்சபைச் சங்கம் பெலாஜியஸின் போதனையைக் கண்டித்தது.

என் சாய்வும் அகஸ்டீன் பக்கமே. இயேசுவின் அருகே சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஞானஸ்நானம் இல்லை, வேதம் கற்க நேரமில்லை, நற்செயல் புரியக் கை அசையாது. தன்னை நினைத்தருளும்படி இயேசுவிடம் கேட்டான். அன்றே பரதீசு கிடைத்தது.

அதற்காக முயற்சியைத் தள்ளிவிடவும் முடியாது. கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு அடித்துச் சொல்கிறார். பவுலோ பிலிப்பியருக்கு, இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படச் சொன்ன கையோடு, விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்றும் எழுதுகிறார்.