எஃகா, தங்கமா, பழையதா: மந்தக் காலத்தில் எந்த வாட்ச் தாங்கும்?

நகைக்கடையில் உட்கார்ந்ததும் நாம் கேட்பது செய்கூலி, சேதாரம் எவ்வளவு என்றுதான். நாளைக்குத் திருப்பிக் கொடுக்கப் போனால் அதெல்லாம் கழிந்துபோய் எடை மட்டும்தான் நிற்கும் என்று நமக்குத் தெரியும். சுவிஸ் வாட்ச் வாங்கப் போகிறவர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. கேட்டால் கடைக்காரர் முழிப்பார். பத்து லட்சத்துக்கு விற்கும் எஃகு வாட்சில் உலோகத்தின் விலை நூறு, இருநூறு ரூபாய் தேறினால் அதிகம். மீதியில் ஒரு பகுதி செய்கூலி. அதற்கும் மேலே இருப்பது, கேட்டும் கிடைக்காத பொருள் மீது மனிதனுக்கு வரும் ஆசை.

உலோகம், வேலைப்பாடு, ஆசை. பொருளாதாரம் சுணங்கினால் இந்த மூன்றும் ஒரே வேகத்தில் கரைவதில்லை. என் கணக்கில் முதலில் போவது ஆசைக்குக் கொடுத்த பணம். வேலைப்பாட்டுக்குக் கொடுத்தது மெல்ல மெல்லத் தேயும். உலோகம் நின்றுவிடும், சில சமயம் ஏறவும் ஏறும். எந்த வாட்சில் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: மந்தங்களிலும் ரகம் உண்டு.

ஒரே 22 சதவீதம், இரண்டு கதை

2008-இல் சுவிட்சர்லாந்தின் வாட்ச் ஏற்றுமதி சுமார் 1,700 கோடி பிராங்க். அடுத்த ஆண்டு அது 1,320 கோடி. சரிவு 22 சதவீதம். 2019-இல் 2,170 கோடியாக இருந்தது 2020-இல் மறுபடி 1,700 கோடிக்கு வந்தது. அதுவும் ஏறத்தாழ 22 சதவீதம். தாளில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கின்றன.

2009-இல் சரக்கு இருந்தது, ஆள் இல்லை. அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் விழுந்ததும் போனஸ் பணத்தில் வாட்ச் வாங்கிக்கொண்டிருந்த கூட்டம் காணாமல் போனது. கடைகளில் பெட்டி பெட்டியாகத் தேங்கியது. வாய் திறந்து கேட்டவருக்குத் தள்ளுபடி கிடைத்தது. 2020-இல் நடந்தது நேர்மாறு. ஜெனீவாவில் ரோலெக்ஸ் மார்ச் மாதம் ஆலைகளைப் பூட்டியது. ஏப்ரல் ஏற்றுமதி முந்தைய ஆண்டைவிட 81 சதவீதம் குறைவு. ஆனால் வீட்டில் அடைந்து கிடந்த பணக்காரரிடம் பணம் அப்படியே இருந்தது. வட்டி பூஜ்யத்துக்கு அருகே, பங்குச்சந்தையும் பிட்காயினும் மேலே, செலவழிக்க விடுமுறைப் பயணமும் இல்லை. ஆள் இருந்தார், சரக்கு இல்லை. விளைவு, பழைய வாட்ச் சந்தை கொதித்தது.

ஏற்றுமதிப் புள்ளிவிவரம் கிடங்கிலிருந்து புறப்பட்டதை எண்ணுகிறது. யார் கையில் ஏறியது என்று அதற்குத் தெரியாது. அதை மட்டும் பார்த்து இது வாங்கும் நேரமா, விற்கும் நேரமா என்று முடிவெடுத்தவர்கள் இரண்டு முறையும் ஏமாந்திருப்பார்கள்.

நடுவில் மூன்றாவது வகை ஒன்றும் வந்துபோனது. 2012 கடைசியில் சீனா ஊழல் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு ஷான்சி மாகாண அதிகாரி யாங் தாசாய் ஒரு பேருந்து விபத்து நடந்த இடத்தில் சிரித்தபடி நிற்கும் படம் பரவியது. கோபத்தில் அவருடைய பழைய படங்களைத் தோண்டிய மக்கள், படத்துக்குப் படம் வேறு வேறு வாட்ச் கட்டியிருப்பதைக் கண்டுபிடித்து அவருக்கு ‘வாட்ச் அண்ணன்’ என்று பெயர் வைத்தார்கள். 2013-இல் அவருக்கு 14 ஆண்டு சிறை. அதிகாரிகளுக்கு வாட்ச் பரிசளிக்கும் வழக்கம் ஒடுங்க, ஹாங்காங் கடைகள் ஈ ஓட்டின. 2014-இல் 2,220 கோடி பிராங்காக இருந்த ஏற்றுமதி 2016-இல் 1,940 கோடி. ஒரே இரவில் விழாமல், தண்ணீர் வற்றுவது போல இறங்கியது.

எஃகு: ஆசை அதிகம், அடித்தளம் மெலிவு

1972-இல் வாட்ச் வடிவமைப்பாளர் ஜெரால்ட் ஜெண்டா வரைந்த ராயல் ஓக் என்ற எஃகு வாட்சை ஓடமார் பிகே நிறுவனம் 3,300 பிராங்குக்கு வைத்தபோது, எஃகுக்கு இந்த விலையா என்று கேட்காதவர் இல்லை. 1976-இல் அவரே பட்டேக் பிலிப்புக்கு நாட்டிலஸ் வரைந்தார். உலகின் விலையுயர்ந்த வாட்ச்களில் ஒன்று எஃகால் ஆனது என்று விளம்பரத்திலேயே பெருமை பேசினார்கள். செய்கூலியை ஒளிக்காமல் சொன்ன அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். இன்னொரு விஷயம், இரண்டுமே நல்ல காலத்துப் பிள்ளைகள் அல்ல. 1969 கிறிஸ்துமஸ் நாளில் ஜப்பானின் சீகோ பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சை இறக்கியதிலிருந்து சுவிஸ் தொழில் சரிந்தது. 1970-இல் சுமார் 90,000 பேர் வேலை பார்த்த தொழிலில் எண்பதுகளின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள்தான் மிஞ்சினார்கள்.

இன்றைய கதைக்கு வருவோம். நாட்டிலஸின் 5711 என்ற எஃகு மாடலை 2021 ஜனவரியில் நிறுத்தப்போவதாகச் செய்தி வந்தது. ஷோரூம் விலை சுமார் 35,000 டாலர். அந்த டிசம்பரில், நகை நிறுவனமான டிஃபனியின் நீல டயல் போட்ட 170 வாட்ச்களில் ஒன்று பிலிப்ஸ் ஏலத்தில் 65 லட்சம் டாலருக்குப் போனது. அறக்கொடைக்கான ஏலம்தான், இருந்தாலும் அன்றைக்கே எச்சரிக்கை மணி கேட்டிருக்க வேண்டும். 2022 தொடக்கத்தில் சாதாரண நீல டயல் 5711-க்கே ஷோரூம் விலையைப் போல் ஐந்து மடங்கு வாக்கில் கேட்டார்கள். ரோலெக்ஸின் எஃகு டேடோனாவுக்கு மூன்று மடங்கு. மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது, மே மாதம் லூனா என்ற கிரிப்டோ நாணயம் மண்ணைக் கவ்வியது. இரண்டே ஆண்டுகளில் நாட்டிலஸ் கிட்டத்தட்டப் பாதிக்கு வந்துவிட்டது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பாதிக்கு விழுந்த பிறகும் அது ஷோரூம் விலையைவிட மேலேதான் நின்றது. ஷோரூமில் வாங்கியவருக்கு நட்டம் ஒரு காசு இல்லை. வெளிச்சந்தையில் வாங்கியவருடைய பணத்தில் பாதி ஆவி. ஒரே வாட்ச், ஒரே சரிவு. ஆசைக்கு யார் விலை கொடுத்தார் என்பதுதான் வித்தியாசம். அதே 2022-இல் சுவிஸ் ஏற்றுமதி 2,480 கோடி, 2023-இல் 2,670 கோடி என்று சாதனை படைத்தது. வெளிச்சந்தை சரிகிறபோது ஷோரூம் செழிக்கிறது.

வாட்சைப் பங்கோடு ஒப்பிடுவது ஆபத்து, நாங்கள் செய்வது பொருள், முதலீடு அல்ல என்று ரோலெக்ஸ் தலைவர் ழான்-பிரெடெரிக் துஃபூர் 2024-இல் ஒரு பேட்டியில் சொன்னார். சொன்ன நிறுவனம்தான் 2022 டிசம்பரில் பழைய ரோலெக்ஸைச் சான்று போட்டு இரண்டாண்டு உத்தரவாதத்தோடு விற்கும் திட்டத்தையும் கொண்டுவந்தது. அதை முதலில் விற்ற புகேரர் கடைகளை 2023-இல் மொத்தமாக வாங்கியும் விட்டது. மந்தத்தில் அலைமோதும் சந்தைக்கு அணை கட்டுகிறார்கள். வாங்குகிறவருக்கு அது பாதுகாப்பு, ஆனால் மலிவு இல்லை.

என் தீர்ப்பு: எஃகு ஸ்போர்ட்ஸ் வாட்சை ஷோரூம் விலைக்குக் கூப்பிட்டுக் கொடுத்தால் வாங்கலாம். மந்தக் காலத்தின் ஒரே வரம், ஷோரூமின் காத்திருப்புப் பட்டியல் சுருங்குவது. ஒரு ரூபாய் மேலே வைத்து வாங்குகிறவர் அடுத்தவருடைய சேதாரத்தைத் தன் தலையில் கட்டிக்கொள்கிறார்.

நடுத்தர ஆடம்பரம்

ஒமேகா, ஐடபிள்யூசி, டாக் ஹாயர் வகையறா. கடை வாசலைத் தாண்டியதும் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்று வைத்துக்கொள்ளலாம். காரைப் போலத்தான். மந்தத்தில் அடி அதிகம் வாங்குவதும் இந்த நடுத்தட்டுதான்: ஒமேகாவும் லாஞ்ஜீனும் வைத்திருக்கும் சுவாட்ச் குழுமத்தின் நிகர லாபம் 2023-இல் 89 கோடி பிராங்க், 2024-இல் சீனச் சந்தை முடங்கியதும் 21.9 கோடி. கார்ட்டியேவின் தாய் நிறுவனமான ரிஷ்மோன், விற்காமல் கிடந்த வாட்ச்களைத் திரும்ப வாங்கி இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 48 கோடி யூரோ மதிப்புக்குப் பிரித்துப் போட்டதும் முந்தைய சீனச் சரிவின் பின்விளைவு. மலிவாக வெளியே போனால் பெயர் கெட்டுவிடும் என்ற பயம். தக்காளியை ரோட்டில் கொட்டும் விவசாயி நினைவுக்கு வருகிறார். அவருக்கு வேறு வழி இல்லை, இவர்களுக்கு இருந்தது.

கட்டிக்கொள்ள வாட்ச் வேண்டுமென்றால் இதுதான் சரியான இடம். இரண்டு, மூன்று வருடம் பழையதாக, பாக்ஸும் பேப்பரும் கூடவே இருப்பதாகப் பாருங்கள். முதல் ஆள் சேதாரத்தைக் கட்டிவிட்டார்.

பழையது: நிலம் மாதிரி

பட்டேக் பிலிப்பின் 1518 என்ற மாடலை 1941-லிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளில் 281 மட்டுமே செய்தார்கள். அதில் எஃகில் நான்குதான் தெரியவந்திருக்கின்றன. ஒன்று 2016 நவம்பரில் 1.1 கோடி பிராங்குக்கு ஏலம் போனது. அந்த ஆண்டு ஏற்றுமதி 10 சதவீதம் சரிந்த ஆண்டு என்பதைக் கவனியுங்கள். உச்சாணிக் கொம்புக்கு மந்தம் எட்டுவதில்லை.

அடுத்த படியில் கதை வேறு. ஊரில் நிலம் விற்க முடியாத காலத்தில் விலை என்ன என்று கேட்டால், குறையவில்லை என்றுதான் சொல்வார்கள். உண்மைதான், விற்றால்தானே குறைவதற்கு? பழைய வாட்ச் சந்தையும் அப்படியே. நல்ல பொருள் வைத்திருப்பவர் மந்தத்தில் ஏலத்துக்கு அனுப்பமாட்டார். புள்ளிவிவரத்தில் விலை நிலையாக நிற்கும், கையில் காசு வராது. கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ அவசரமாக விற்கப் போனால்தான் உண்மை விலை தெரியும்.

இந்தியாவில் இருந்து வாங்குகிறவருக்குக் கூடுதலாக ஒரு தலைவலி. டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, எங்கெங்கோ கிடைத்த பாகங்களைச் சேர்த்து விற்கும் ஃபேவர் லூபா, எச்எம்டி, சீகோ 5 வாட்ச்களுக்கு உலகச் சேகரிப்பாளர்களிடையே ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே பெயர். எழுபதுகளின் வாட்சில் எழுத்து நேற்று அச்சடித்தது போலப் பளபளத்தால் விலகி நில்லுங்கள். ஆசைக்கு ஒரு அடித்தளமாவது வேண்டாமா?

தங்கம்: பெரியவர்கள் கட்டுவது என்று ஒதுக்கப்பட்டது

1932-இல், உலகப் பெருமந்தத்தின் நடுவில், பட்டேக் பிலிப் கம்பெனி கைமாறியது. வாங்கியவர்கள் அதற்கு டயல் செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஸ்டெர்ன் சகோதரர்கள். அவர்கள் குடும்பம் இன்றும் நடத்துகிறது. அதே ஆண்டு வந்த கலட்ராவா 96, மெல்லிய, வட்டமான, ஆடம்பரம் காட்டாத வாட்ச். பிற்காலத்துத் தங்க டிரெஸ் வாட்ச் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அதன் பேரன் பேத்திகள்.

இவற்றுக்கு இன்று மவுசு கம்மி. 33, 34 மில்லிமீட்டர் என்றால் சின்னது என்கிறார்கள். அதனாலேயே விலையில் ஆசையின் பங்கு குறைவு, உலோகத்தின் பங்கு அதிகம். ஒரு கணக்கு போடுவோம். 2025 அக்டோபரில் தங்கம் அவுன்சுக்கு 4,000 டாலரைத் தாண்டியது. அந்த விலையில் ஒரு கிராம் சுமார் 128 டாலர். 18 காரட் என்றால் நான்கில் மூன்று பங்குதான் தங்கம், ஆக 96 டாலர். வாட்சின் வெளிக்கூடான கேஸ் 20 கிராம் என்று வைத்தால் உருக்கினாலே 1,900 டாலர். 2022 மார்ச்சில் தங்கம் 2,000 டாலர் அளவில் இருந்தபோது இதே கேஸ் அதில் பாதிதான். நாட்டிலஸ் பாதியாகி உட்கார்ந்திருந்த காலத்தைத் தாண்டி, யாரும் திரும்பிப் பார்க்காத கிழட்டு வாட்சின் உலோகம் இரண்டு மடங்காகிவிட்டது.

நம் ஊர்க்காரருக்கு இன்னொரு காரணமும் உண்டு. உலகம் பயப்படும்போதெல்லாம் பணம் சுவிஸ் பிராங்கில் போய் ஒளிகிறது. 2015 ஜனவரியில் யூரோவோடு கட்டியிருந்த கயிற்றை சுவிஸ் மத்திய வங்கி அறுத்துவிட்டதும் பிராங்க் எகிறியது, சுவாட்ச் தலைவர் நிக் ஹாயெக் அதைச் சுனாமி என்றார். 2008-இல் ஒரு பிராங்க் 40 ரூபாய் வாக்கில், 2025-இல் 100-ஐத் தாண்டியது. வெளிநாட்டில் வாட்ச் விலை இறங்கினாலும் ரூபாய் அதைத் தின்றுவிடுகிறது. 2025 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த வர்த்தக ஒப்பந்தப்படி சுவிஸ் வாட்சுக்கான இறக்குமதி வரி ஏழு ஆண்டுகளில் படிப்படியாகப் போகும், அது கொஞ்சம் ஆறுதல். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வாட்சுக்கு 2025 ஏப்ரல் 22 முதல் கடையிலேயே ஒரு சதவீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் வாங்கிய சேதி துறைக்குப் போய்விடும்.

ஆக, கையில் இருக்கும் பணத்தைக் காப்பாற்ற வேண்டும், அதோடு ஒரு நல்ல மெஷினும் மணிக்கட்டில் ஓட வேண்டும் என்று கேட்பவருக்கு நான் பழைய தங்க டிரெஸ் வாட்சைத்தான் காட்டுவேன். உலோக விலைக்கு மேல் எவ்வளவு கேட்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள், அதுதான் நீங்கள் கட்டும் சேதாரம். சர்வீஸ் செலவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். லேசாகக் கீறல் விழுந்தது என்று பாலிஷ் போடக் கொடுத்துவிடாதீர்கள், ஒவ்வொரு பாலிஷும் தங்கத்தைத்தான் தின்கிறது.

இதிலும் ஒரு குத்தல் இருக்கிறது. 1980 ஜனவரியில் தங்கம் 850 டாலரைத் தொட்டபோது அமெரிக்காவில் தாத்தாக்களின் பாக்கெட் வாட்ச்கள் கூட்டம் கூட்டமாக உலைக்குப் போயின. கேஸை எடை போட்டு வாங்கியவர்கள் உள்ளே இருந்த மெஷினைக் கழற்றி டப்பாவில் போட்டார்கள். கேஸ் இல்லாத அந்த மெஷின்கள் இன்றும் பழைய பொருள் கடைகளில் மொத்தமாக விற்பனைக்குக் கிடைக்கின்றன. சாவி கொடுத்தால் பல இன்னும் ஓடுகின்றன.